அம்மாவுக்கு வேப்ப மரத்தில் சாப்பாட்டு மேசை: வேம்பு தாங்குமா, பிளக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் தாத்தா தோட்டத்தில் விழுந்த வேம்பை ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, 12 பலகைகளை 14 மாதமாக மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் 7 அடி நீளம், 8 அங்குல அகலம். மதுரை வீட்டில் ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிளை உங்கள் கையாலேயே செய்து தைப்பொங்கலுக்குள் போட்டுவிட வேண்டும். கையில் இருப்பது இழைப்புளி, இரண்டு உளி, ரம்பம், ஒரு டிரில் மெஷின். வேம்பு போதுமா, தேக்கு வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறீர்கள்: சொந்தக்காரர் வீட்டு டேபிள் ஒரே வருடத்தில் நடுவில் பிளந்துவிட்டது, இதுவும் அப்படி ஆகுமா? அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொன்னால் மற்றதற்கெல்லாம் பாதி பதில் வந்துவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேம்பு தாராளமாகப் போதும். மேசைப் பலகை பிளப்பதற்கு மரத்தின் சாதி பெரும்பாலும் காரணமில்லை. பலகையை அசைய விடாமல் கட்டிப்போட்டதுதான் காரணம். மரம் அறுத்துக் காய்ந்த பிறகும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், திருப்பிக் கொடுக்கும். குடித்தால் அகலத்தில் விரியும், கொடுத்தால் சுருங்கும். நீளத்தில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் மரம் 7, 8 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். காற்று 75 சதவீதம் ஆனால் மரம் 14 சதவீதம் பக்கம் போகப் பார்க்கும். மதுரையில் சித்திரை வெயிலும் ஆனி, ஆடியின் வறட்டுக் காற்றும் ஒரு முனை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை மறுமுனை. பாலிஷ் போட்ட மேசைக்குள் இந்த ஏற்ற இறக்கம் மெதுவாகவும் குறைவாகவும் போய்ச் சேரும், ஆனாலும் வருடத்துக்கு 4 சதவீத வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்குக்குக் கணக்குப் போட்டால், 36 அங்குல அகலமுள்ள சாதா அறுப்புப் பலகை இந்த 4 சதவீதத்துக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் அசைகிறது. ஆசாரி கணக்கில் 2 நூல் (அங்குலத்துக்கு 8 நூல்). அசைவு குறைந்த மரம் என்று பெயர் எடுத்த தேக்குக்கே இந்த நிலை. வேம்புக்கு 3 நூல் இடம் விட்டுச் செய்யுங்கள்.

இந்த 2, 3 நூல் அசைவைத் தடுக்க ஸ்க்ரூவாலோ பசையாலோ முடியாது. நான்கு பக்கமும் சட்டம் வைத்துப் பசை போட்டு இறுக்கினால், சுருங்கும் மாதத்தில் பலகை போக வழியில்லாமல் தன் பலவீனமான இடத்தில் பிளந்துகொள்ளும். சொந்தக்காரர் வீட்டு மேசையை அடியில் குனிந்து பாருங்கள். மேல்பலகையைச் சுற்றுச் சட்டத்தோடு (பலகைக்கு அடியில் நான்கு கால்களையும் இணைக்கும் சட்டம்) நேராக ஸ்க்ரூ அடித்திருக்கும். அல்லது அழகுக்காக நான்கு ஓரமும் 45 டிகிரியில் வெட்டி ஒட்டிய பார்டர் இருக்கும். இரண்டில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய வீட்டுக் கதவுகளைக் கவனித்தால் இதற்கு மாற்று தெரியும். சுற்றிலும் கனத்த சட்டம், நடுவில் மெல்லிய பலகை. அந்தப் பலகைக்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது; சட்டத்தின் பள்ளத்துக்குள் சும்மா நிற்கிறது. நூறு வருடக் கதவு பிளக்காமல் நிற்பது அதனால்தான். மேசையிலும் அதே காரியத்தைத்தான் செய்யப் போகிறோம்.

முதலில் உங்கள் பலகை காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். 14 மாதம் நம் வெயிலில் ஒன்றரை அங்குலப் பலகைக்குப் பொதுவாகப் போதுமான காலம். ஆனால் சுவரில் சாத்தி வைத்ததும், மாட்டுக்கொட்டகையின் ஈரமும் சேர்ந்து கணக்கைக் கெடுத்திருக்கும். தரையைத் தொட்ட முனை ஈரமாகவும் மேல் முனை காய்ந்தும் இருக்கலாம், பலகை வில்லாக வளைந்தும் இருக்கலாம். ஈரப்பத மீட்டர் வாங்க வேண்டியதில்லை, சமையலறைத் தராசு போதும். பலகையின் முனையிலிருந்து ஒரு அடி தள்ளி, குறுக்கே ஒரு அங்குலத் துண்டு வெட்டி எடுங்கள். முனைத் துண்டு எப்போதும் கூடுதலாகக் காய்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது. வெட்டியவுடன் எடை போடுங்கள். பிறகு ஓவனில் 103 டிகிரி பக்கம் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எடை பாருங்கள். எடை குறைவது நின்றதும் கணக்கு: குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். 168 கிராம் துண்டு 150-இல் நின்றால் 18 வகுத்தல் 150, அதாவது 12 சதவீதம். அது நல்ல செய்தி. 10 முதல் 12 வரை வந்தால் வேலையைத் தொடங்கலாம். 15-க்கு மேல் வந்தால் தைப்பொங்கலை மறந்துவிடுங்கள்; ஈரப் பலகையில் செய்த மேசையை எந்தப் பொருத்தும் காப்பாற்றாது. அவசரம்தான் என்றால், சூளையில் காயவைத்துத் தரும் மர மில்லில் கொடுத்து வாங்கலாம்.

எப்படியிருந்தாலும் பலகைகளை இன்றைக்கே கொட்டகையிலிருந்து எடுத்து, மேசை போடப்போகும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். காற்றோட்டமுள்ள நிழல் அறையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் படுக்கை வசமாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரு அங்குல ரீப்பர் துண்டுகளை 2 அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வையுங்கள். கோடு விலகினால் அந்த இடத்தில் பலகை அலை அலையாக நெளியும். மேலே நாலைந்து ஹாலோ பிளாக் கல் பாரம். அறுபட்ட முனைகளுக்குப் பழைய பெயின்ட் ஒரு கோட். மூன்று வாரம் அப்படியே கிடக்கட்டும்.

அடுக்கும்போதே பூச்சியையும் பார்த்துவிடுங்கள். வேப்பமரத்தைப் பூச்சி தொடாது என்று ஊரில் சொல்வது வைரப்பகுதிக்கு, அதாவது மரத்தின் உள்ளிருக்கும் முற்றிய பகுதிக்கு, பெருமளவு பொருந்தும், ஓரத்து வெளிறிய பகுதிக்குப் பொருந்தாது. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் அடியில் கறுப்புத் துணி விரித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். துணியில் மாவு போலப் புதிய பொடி விழுந்தால் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பலகையை ஒதுக்கிவிடுவது நல்லது. மற்றவற்றிலும் வெளிறிய ஓரத்தை மொத்தமாக அறுத்துத் தள்ளுங்கள். 8 அங்குலப் பலகையில் 6 அங்குலம் மிஞ்சினால் போதும்.

தேக்கு பற்றி ஒரு வார்த்தை. தேக்கு அசைவு குறைவு, இழைக்கச் சுகம், உளிக்கு இணங்கும். முதல் முறை செய்பவருக்கு அது பெரிய உதவி. வேம்பில் நார் அங்கங்கே எதிரெதிராகப் பின்னிக்கொண்டு ஓடும். இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கி, அடுத்த விரற்கடையில் சிலாம்பு பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே மெஷின் இழைப்புக்கு மரப் பட்டறையில் கொடுத்துவிட்டு, கடைசித் துலக்கத்தை உப்புத்தாளில் முடிப்பது வேம்புக்குச் சரியான வழி. கடைத் தேக்கு எடுப்பதானால் கன அடிக் கணக்கில்தான் தருவார்கள். இந்த மேசைக்குச் சேதாரம் சேர்த்து 4 கன அடி வாங்க வேண்டியிருக்கும். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் இறக்குமதித் தேக்கிலும், இளம் மரத்திலும் வெள்ளைப் பகுதி அதிகம். தேக்கு என்ற பெயருக்காக அதை வாங்குவதைவிட உங்கள் வேம்பின் வைரம் மேலானது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய செட்டிநாட்டு வீட்டு மரம் கிடைக்கும்; அற்புதமான மரம், ஆனால் உள்ளே முறிந்து புதைந்த ஆணிகள் இழைப்பு மெஷினின் கத்தியைத் தின்றுவிடும். தாத்தா தோட்டத்து மரம் வீட்டில் இருக்கும்போது, அம்மாவுக்கான மேசைக்கு வேறு மரம் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அளவுக்கு வருவோம். கடை டைனிங் டேபிள் 30 அங்குல உயரம், நாற்காலி 17 அல்லது 18. அந்த உயரம் தட்டில் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடவோ, காகிதம் வைத்து எழுதவோ பொருந்தும். கையால் பிசைந்து சாப்பிடுபவருக்கு அது கொஞ்சம் தூக்கல். தோளை உயர்த்திப் பிசைய வேண்டியிருக்கும். 5 அடி உயரமுள்ள ஒருவருக்கு இருக்கைக்கும் மேசை மேல்முகத்துக்கும் இடையே 11 அங்குலம் இருந்தால் கை இயல்பாக இறங்கும். இன்னொரு பக்கம், முழங்கால் வலியுள்ளவருக்குத் தாழ்ந்த நாற்காலி ஆகாது. எழுந்திருக்கும்போது முழங்காலில்தான் பாரம் ஏறும். இருக்கை பதினேழரை, மேசை இருபத்தெட்டரை என்று வைத்தால் இரண்டுக்கும் நடுவழி. பாதம் தரையில் முழுதாகப் பதியாவிட்டால் 2 அங்குல உயரத்தில் ஒரு மணை போட்டுக்கொள்ளலாம். சாப்பிட்டு எழும்போது அதைக் காலால் தள்ளிவிட்டு எழுவது முக்கியம், இல்லாவிட்டால் தடுக்கும். நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தால் ஊன்றி எழ வசதி. ஆனால் கைப்பிடி மேசைச் சட்டத்துக்கு அடியில் நுழைய வேண்டும், அதை அளந்து வாங்குங்கள்.

மேல்பலகை 60 அங்குலம் நீளம், 36 அகலம், இழைத்து முடித்த கனம் 9 நூல். கால்கள் இரண்டே முக்கால் அங்குலச் சதுரம். கால்களின் வெளிமுகத்துக்கு வெளியே பலகை நீளவாட்டில் 4 அங்குலமும், பக்கவாட்டில் 3 அங்குலமும் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கால்களுக்கு நடுவில் நாற்பத்தாறரை அங்குலம் கிடைக்கிறது; ஒரு பக்கம் இரண்டு பேர் முட்டிக்கொள்ளாமல் உட்காரலாம், தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். சுற்றுச் சட்டம் மூன்றரை அங்குல உயரம், ஒரு அங்குலக் கனம். இதைவிட உயரமாகச் சட்டம் வைத்தால் பார்க்க கம்பீரமாக இருக்கும், தொடை இடிக்கும். இந்த அளவில் இருக்கைக்கும் சட்டத்தின் அடிக்கும் நடுவே 6 அங்குலத்துக்கு மேல் இருக்கிறது. குஷன் போட்ட நாற்காலி என்றால் அமுங்கிய உயரத்தைக் கணக்கில் எடுங்கள்.

மேல்பலகைக்கு 6 பலகை, கால்களுக்கு 2, சட்டங்களுக்கு 2, ஆக 10. உங்களிடம் 12 இருப்பதால் பழுதானதை ஒதுக்க 2 கையிருப்பு. கால் செய்ய 3 அங்குலக் கட்டை தேட வேண்டாம். அந்தக் கனத்தில் உள்ளே காய வருடக்கணக்காகும். இரண்டு பலகைத் துண்டுகளை 11 நூலுக்கு இழைத்து முகத்தோடு முகம் ஒட்டினால் 22 நூல், சரியாக இரண்டே முக்கால். ஒட்டிய கால் ஒற்றைக் கட்டையைவிடக் குறைவாகவே முறுக்கும். சட்டத்துக்குக் கணு இல்லாத, நார் நேராக ஓடும் பலகையை எடுத்துவையுங்கள். அழகான ரேகையெல்லாம் மேல்பலகைக்குப் போகட்டும்.

கால்களும் சட்டங்களும் சேரும் இடத்தில் துளையும் கழுந்தும்தான்; காலில் துளை, சட்டத்தின் முனையில் அதற்குள் நுழையும்படி சீவிய கழுந்து. எல் வடிவ இரும்புத் தகடு போட்டு ஸ்க்ரூ அடித்தால் ஒரு நாளில் முடியும், ஆனால் மேசையை இழுக்க இழுக்க ஸ்க்ரூ ஓட்டை அகன்று ஆட்டம் கொடுக்கும். அம்மா ஊன்றி எழப்போகும் மேசை ஆடக் கூடாது. கழுந்தின் நீளம் 12 நூல், கனம் 3 நூல், அகலம் இரண்டரை அங்குலம். சட்டத்தின் முகம் கால் முகத்திலிருந்து 2 நூல் உள்ளே தள்ளி நிற்கட்டும். இந்த அளவில் ஒரே காலில் வரும் இரண்டு துளைகளும் உள்ளே முட்டிக்கொள்ளா. கணக்குப்படி நீளச் சட்டத்தின் மொத்த நீளம், இரு கழுந்தும் சேர்த்து, நாற்பத்தொன்பதரை அங்குலம். குட்டைச் சட்டம் இருபத்தேழரை. துளையை முதலில் போடுங்கள், பிறகு துளைக்கு ஏற்பக் கழுந்தைச் சீவிக் கொண்டுவாருங்கள். துளையைத் திருத்துவது கஷ்டம், கழுந்தைத் திருத்துவது சுலபம். 3 நூல் பிட்டால் டிரில்லில் வரிசையாகத் துளைத்துவிட்டு, சுவர்களை உளியால் நேராக்கினால் கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) வேலை பாதியாகும். துளை ஆழம் கழுந்தைவிட ஒரு நூல் கூட இருக்கட்டும், பசை தங்க இடம் வேண்டும். காலின் மேல்முனையில் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு வேலை செய்து, எல்லாம் ஒட்டி முடிந்த பிறகு அதை அறுத்துவிடுங்கள். அப்படி விடாமல் முனைக்குப் பக்கத்தில் உளியை அடித்தால் கால் பிளந்துகொள்ளும். கழுந்து கைப் பலத்தால் தள்ள நுழைய வேண்டும். சுத்தியல் அடி தேவைப்பட்டால் இறுக்கம் அதிகம், தானாக விழுந்தால் தளர்ச்சி. தளர்ந்தால் மெல்லிய சீவல் ஒன்றைக் கழுந்தில் ஒட்டி மறுபடி சீவலாம்; பசை இட்டு நிரப்பப் பார்க்காதீர்கள்.

பசையோடு ஒவ்வொரு கழுந்துக்கும் ஒரு மூங்கில் ஆணி. காலில் 2 நூல் துளை போட்டு, கழுந்தைச் செருகி, அதே பிட்டின் முனையால் கழுந்தில் குறி வைத்து வெளியே எடுங்கள். கழுந்தில் அந்தக் குறிக்கு அரை நூலுக்கும் குறைவாகத் தோள் பக்கம் (கழுந்து தொடங்கும் படி உள்ள பக்கம்) தள்ளித் துளைக்க வேண்டும். முற்றின மூங்கிலைக் கூராகச் சீவி அடித்தால், அது விலகிய துளைக்குள் வளைந்து போகும்போது சட்டத்தைக் காலோடு இழுத்து இறுக்கும். கிளாம்ப் இல்லாமலேயே பொருத்து இறுகும். தள்ளும் தூரம் கூடிவிட்டால் ஆணி முறியும் அல்லது கழுந்து பிளக்கும்; வீண் துண்டில் இரண்டு முறை பழகிவிட்டு மேசையில் கை வையுங்கள்.

மேல்பலகை ஒட்டுவதில்தான் பலர் சறுக்குவது. பக்கத்தில் பக்கம் வரும் இரண்டு பலகைகளை, புத்தகம் மூடுவது போல முகத்தோடு முகம் சேர்த்து, இரண்டு விளிம்பையும் ஒரே நேரத்தில் இழையுங்கள். இழைப்புளி சற்றுச் சாய்ந்தாலும், விரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றொன்று ஈடுகட்டிவிடும், பலகை மட்டமாக நிற்கும். வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்திப் பார்த்தால் நடுவில் காகிதக் கனத்துக்கு வெளிச்சம் தெரியலாம். முனைகளில் தெரியக் கூடாது, ஏனென்றால் முனைதான் முதலில் காய்ந்து திறந்துகொள்ளும். பசைக்கு ஈரம் தாங்கும் ஃபெவிக்கால் மரைன் போன்றது எடுங்கள். மேசையைத் தினம் ஈரத் துணியால் துடைக்கப் போகிறீர்கள். இழைத்த அன்றே ஒட்டுவது நல்லது. தேக்கானால் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் விளிம்பைத் துடைக்க வேண்டும். அடிக்கு ஒரு கிளாம்ப், ஒன்று மேலே, அடுத்தது கீழே. எல்லாம் ஒரே பக்கம் போட்டால் பலகை வில்லாகும். நீளக் கிளாம்ப் இல்லையென்றால் இரண்டு கனத்த ரீப்பரின் முனைகளில் கட்டை அறைந்து, பலகைக்கும் கட்டைக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு ஆப்பு அடித்து இறுக்கலாம். அதன் பிடி கிளாம்புக்குக் குறைந்ததல்ல. விளிம்பு நெடுகப் பசை முத்து முத்தாகக் கசிந்தால் போதும். மூன்று மூன்று பலகையாக இரண்டு பாதி செய்து, ஒரு நாள் விட்டுக் கடைசியில் இரண்டையும் சேர்த்தால் தனி ஆளாகச் சமாளிக்க முடியும்.

ஆண்டு வளையத்தின் வளைவு ஒரு பலகையில் மேலே, அடுத்ததில் கீழே என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டுமா என்பதில் ஆசாரிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. மாற்றி வைத்தால் சிறு சிறு அலை வரும். ஒரே பக்கம் வைத்தால் முழுப் பலகையும் ஒரே வளைவாக வளையப் பார்க்கும், அதைச் சட்டம் பிடித்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த மரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது என் கணிப்பு. ரேகை அழகாகச் சேரும் விதத்தில் அடுக்குங்கள்.

இப்போது முதலில் சொன்ன அசைவுக்கு வழி செய்யும் இடம். மேல்பலகையைச் சட்டத்தோடு சேர்க்க மரக் கொக்கிகள் செய்யுங்கள். ஒன்றரை அங்குல அகலம், இரண்டரை அங்குல நீளம், ஒரு முனையில் 3 நூல் கனத்துக்கு நாக்கு விட்டுச் செதுக்கிய சின்னக் கட்டைகள், மொத்தம் 10. சட்டங்களின் உள்முகத்தில், மேல் விளிம்பிலிருந்து 4 நூல் தள்ளி, நாக்கு நுழையும் அளவுக்கு 3 நூல் ஆழப் பள்ளம் வெட்டுங்கள். நாக்கு பள்ளத்துக்குள், கொக்கியின் உடம்பு மேல்பலகையின் அடியில் ஸ்க்ரூவோடு. நாக்குக்கு மேலிருக்கும் மரம் பள்ளத்தின் மேல் உதட்டைவிட ஒரு இழை குறைவாக இருந்தால்தான் ஸ்க்ரூ பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். நீளச் சட்டத்தில் பக்கத்துக்கு 3, குட்டைச் சட்டத்தில் பக்கத்துக்கு 2. நீளச் சட்டத்துக் கொக்கியின் தோளைச் சட்டத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். வறண்ட மாதத்தில் பூட்டினால் பலகை இனி விரியத்தான் போகிறது, கொக்கி சட்டத்தை நோக்கி நகரும், அதனால் தோளுக்கும் சட்டத்துக்கும் 2 நூல் இடைவெளி விட்டு, நாக்கில் பாதி பள்ளத்துக்குள் இருக்கும்படி பூட்டுங்கள். உங்கள் கணக்குப்படி கார்த்திகை, மார்கழியில்தான் பூட்டுவீர்கள். அப்போது பலகை விரிந்த நிலையில் இருக்கும், இனிமேல் உள்நோக்கிச் சுருங்கும். கொக்கி சட்டத்தை விட்டு விலகும், ஆகவே நாக்கை நன்றாக உள்ளே தள்ளி, தோளுக்கும் சட்டத்துக்கும் ஒரு நூல் மட்டும் விடுங்கள். குட்டைச் சட்டத்தின் நடுவில் மட்டும், பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ நேராகப் போடலாம். பலகை நடுவில் நிலைத்து, இரு பக்கமும் சமமாக அசையும். 9 நூல் பலகையில் ஸ்க்ரூ முனை மேலே எட்டிப் பார்க்காமல் இருக்க நீளத்தை இரண்டு முறை அளந்து வாங்குங்கள். இந்தக் கொக்கியில் இன்னொரு சௌகரியமும் உண்டு. குறுகலான வாசலில் மேசை நுழையாது; ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பலகையும் காலும் தனித்தனியாக நுழைந்துவிடும்.

பாலிஷில் எனக்கு உறுதியான ஒன்று: அரக்கும் ஸ்பிரிட்டும் சேர்ந்த பிரெஞ்ச் பாலிஷ் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். பார்க்க அதைப்போல அழகு கிடையாது, ஆனால் சூடான ரசக் கிண்ணத்துக்கு வெள்ளை வட்டம் விழும், சோப்புத் தண்ணீருக்கும் தாங்காது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) கோட்டிங் மஞ்சள், எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் தடுக்கும். ஆனால் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்துவது கஷ்டம். ஆளிவிதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சு இதற்கு நேர் எதிர். சாம்பார் சிந்தினால் கறை பிடிக்கும், ஆனால் உப்புத்தாள் தேய்த்து மறுபடி எண்ணெய் தடவினால் மறைந்துவிடும். மஞ்சள் கறை சூரிய வெளிச்சத்தில் தானாகவே வெளிறும் என்பதால் ஜன்னலோர மேசைக்கு அது பெரிய தொல்லையாகாது. தினமும் மூன்று வேளை இலையும் தட்டும் போடும் வீட்டுக்கு நான் பி.யு.வைத்தான் சொல்வேன். உப்புத்தாள் 80, 120, 180, 240 என்று படிப்படியாக, எப்போதும் நார் ஓடும் திசையில். சீலர் (அடிப்பூச்சு) இரண்டு கோட், நடுவில் 320 தாள், மேலே பி.யு. இரண்டு கோட். கலக்கும் விகிதத்தை டப்பாவில் உள்ளபடியே எடுங்கள். கெட்டியாகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பின்னால் வெடிப்பு விடும். மழை பெய்யும் நாளில் அடித்தால் பூச்சு பால் படிந்தது போல வெளுக்கும். சன்னலைத் திறந்து வைத்து, ரசாயன வாயுவைத் தடுக்கும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க் இதற்குப் பயன்படாது. ஒரு வாரம் கழித்துச் சாப்பிடத் தொடங்கலாம். எண்ணெய் பூசினீர்கள் என்றால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. கொடியில் விரித்துக் காயவைத்தோ, தண்ணீரில் முக்கியோ தூக்கிப் போடுங்கள்.

மேல்முகத்துக்கு எத்தனை கோட்டோ அத்தனை கோட் அடிமுகத்துக்கும் வேண்டும். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கி, பலகை தட்டுபோலக் குவியும். மேலே கண்ணாடி போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. சிந்தின தண்ணீர் அடியில் நுழைந்தால் காய வழியில்லாமல் கறுப்புப் படியும். போட்டே ஆக வேண்டுமென்றால் ரப்பர் புள்ளிகள் வைத்து ஒரு நூல் உயர்த்தி வையுங்கள்.

உங்கள் பலகையைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: அறுத்தபோது மரத்தின் நடுக்குருத்து எந்தப் பலகையில் போயிற்று என்பது. முனையில் வளையங்களின் மையப் புள்ளி தெரிந்தால் அந்தப் பலகை எவ்வளவு காய்ந்திருந்தாலும் வெடிப்பு விடும். அதை நடுவில் அறுத்து, குருத்துப் பகுதியை அகற்றிவிட்டு, மிஞ்சியதைக் கொக்கிக்கும் மணைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அறுப்பு காலின் அடியில். முடிந்த கால் 27 அங்குலம் 3 நூல். ஆனால் அடியில் அரை அங்குலம் கூடவே விட்டு மேசையைப் பூட்டுங்கள். அம்மாவை அவர் உட்காரப்போகும் அதே நாற்காலியில் உட்காரவைத்து, இலை போட்டு இரண்டு நாள் சாப்பிடச் சொல்லுங்கள். தோள் உயர்கிறதா, எழும்போது மேசை விளிம்பில் கை ஊன்ற வசதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு அறுக்கலாம். அந்த அரை அங்குலம் தேவைப்பட்டால் அறுக்காமலே விட்டுவிடலாம். அறுத்த பிறகு காலின் அடிமுகத்துக்கு மூன்று கோட் வார்னிஷ் ஊறும்படி பூசி, ஒவ்வொரு காலிலும் 3 நூல் உயர நைலான் குமிழ் அடியுங்கள். அந்த 3 நூலையும் அறுக்கும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் தரை துடைக்கும் வீட்டில் மேசைக்கால் தண்ணீர் குடிப்பது அந்த அடி முனை வழியாகத்தான்.